வாசகர் கேள்வி: குடியை விட உதவும் கூட்டம் எங்கே நடக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 41. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறேன். பத்து வருஷமாகச் சம்சு (மலிவு விலைச் சாராயம்) குடிக்கிறேன். முன்பு சாயங்காலம் மட்டும்தான். இப்போது இரண்டு வருஷமாகக் காலையிலும் கொஞ்சம் உள்ளே போனால்தான் கை நடுக்கம் நிற்கிறது. தைப்பூசத்துக்கு விரதம் இருந்தால் 48 நாள் தொட மாட்டேன். முடிந்த மறுநாள் பழைய கதைதான். ஆனால் போன முறை விரதம் தொடங்கிய இரண்டாம் நாளே உடம்பு உதறி, தாங்க முடியாமல் குடித்துவிட்டேன். மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டார். குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் ஏ.ஏ. கூட்டம் என்று ஒன்று உண்டாம். அது எங்கே நடக்கிறது, எப்படிச் சேர்வது? எனக்கு இங்கிலீஷ் சரியாக வராது. சர்ச்சில் நடக்கும், மதம் மாற்றிவிடுவார்கள் என்கிறார் ஒருவர். தோட்டத்தில் யாருக்கும் தெரியவும் கூடாது.
— பெயர் வேண்டாம், பேராக், மலேசியா

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

கூட்டத்துக்கு வழி சொல்கிறேன். அதற்கு முன் விரதத்தின் இரண்டாம் நாள் உடம்பு உதறியதைப் பற்றிப் பேசியாக வேண்டும். சாமிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியவில்லையே என்று அன்றிலிருந்து உங்களை நீங்களே திட்டிக்கொண்டிருப்பீர்கள். அன்று நடந்ததற்கும் மன உறுதிக்கும் சம்பந்தமில்லை. வருஷக்கணக்காகத் தினமும் குடிக்கிறவரின் மூளை, சாராயம் நரம்பை மந்தப்படுத்துவதற்கு ஈடுகொடுத்து எப்போதும் முறுக்கேறியே இருக்கப் பழகிவிடுகிறது. திடீரென்று குடியை நிறுத்தினால் அந்த முறுக்கு மட்டும் மிஞ்சுகிறது. கடைசியாகக் குடித்து ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, குமட்டல், தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்வது தெரியும், இல்லாத ஆளோடு பேசுவார்கள். தோட்டங்களில் இதைக் காற்று கருப்பு என்று நினைத்துச் சாமி பார்க்க அழைத்துப் போகிறார்கள். அதில் போகிற நேரம் உயிருக்கே ஆபத்து. அந்த நிலையில் அவசர எண் 999-ஐ அழைப்பது ஒன்றுதான் சரி.

முன்பெல்லாம் 48 நாள் சுலபமாக நின்றவருக்கு இந்த முறை ஏன் முடியவில்லை என்று கேட்பீர்கள். குடிப்பதும் திடீரென்று நிறுத்துவதுமாகப் பல முறை போனால், அடுத்தடுத்த முறை உடம்பின் எதிர்ப்பு முன்னைவிடக் கடுமையாகும். அதனால் அடுத்த விரதத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தயவுசெய்து வைக்காதீர்கள். காலையில் குடித்தால்தான் கை நிற்கிறது என்ற நிலைக்கு வந்தவர் வீட்டில் தனியாக நிறுத்தக்கூடாது. ஏ.ஏ. கூட்டம் இந்த நான்கைந்து நாளுக்கு மருந்தாகாது. அதன் வேலை அதற்குப் பிறகுதான்.

எனவே முதலில் அரசாங்க கிளினிக். ஐசியை (அடையாள அட்டையை) எடுத்துக்கொண்டு காலையிலேயே போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). பதிவு மேசையில் ‘உடம்பு சரியில்லை’ என்றாலே போதும், டாக்டர் அறைக்குள் மட்டும் முழுவதையும் சொல்லுங்கள்: ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாக எப்போது குடித்தீர்கள், காலையில் நடுக்கம் உண்டா, எப்போதாவது வலிப்பு வந்ததா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். அரை போத்தல் என்று குறைத்துச் சொன்னால் அதற்கேற்ற குறைந்த அளவு மருந்துதான் கிடைக்கும், மூன்றாம் நாள் அது போதாது. பத்துக் கேள்விகள் கொண்ட ஆடிட் என்ற தாளைக் கொடுக்கலாம். உலக சுகாதார நிறுவனம் தயாரித்தது. 20 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் என்றால் உடம்பு குடிக்கு அடிமையாகியிருக்க வாய்ப்பு அதிகம் என்று பொருள். நடுக்கத்தை அடக்கும் மாத்திரையைச் சில நாளில் படிப்படியாகக் குறைத்துத் தருவார்கள், கூடவே வைட்டமின் பி1. முன்பு வலிப்பு வந்திருந்தாலோ வீட்டில் கூட இருக்க ஆள் இல்லை என்றாலோ ஆஸ்பத்திரியில் படுக்க வைப்பது நல்லது. உங்கள் மனைவி வீட்டில் இல்லை, அதையும் சொல்லுங்கள்.

மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ‘தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்களோ’ என்ற பயம் பேராக்கில் எல்லோருக்கும் உண்டு. நம் ஊரில் அந்தப் பெயரையே வசவாக ஆக்கிவிட்டார்கள். அங்கே உள்ள பகாகியா உலு கிந்தா மனநல மருத்துவமனை 1911-லிருந்து இயங்குகிறது. குடியால் பாதிக்கப்பட்டவர் அங்கே போனால் பைத்தியம் என்று ஆகிவிடாது. ஈப்போ பொது மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு.

லாரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 700 மில்லி போத்தலில் 17 சதவீதம் என்று எழுதியிருந்தால் அதில் ஏறத்தாழ 94 கிராம் சாராயம் இருக்கிறது. உடம்பு ஒரு மணி நேரத்துக்கு 7 முதல் 10 கிராம்வரைதான் வெளியேற்றும். முழுப் போத்தலும் உள்ளே போனால் அது தீர ஏறத்தாழ 9 முதல் 13 மணி நேரம் ஆகும். இரவு ஒன்பது மணிக்கு முடித்துவிட்டுத் தூங்கி எழுந்து காலையில் ஸ்டியரிங்கைப் பிடித்தால் நீங்கள் இன்னும் குடித்த நிலையில்தான் இருக்கிறீர்கள். 2020-இல் திருத்திய சட்டப்படி வரம்பு 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம். முதல் முறை பிடிபட்டாலே அபராதம் 10,000 வெள்ளியில் தொடங்குகிறது, சிறையும் உண்டு. கிளினிக்கில் தரும் மாத்திரையும் தூக்கம் வரவைக்கும், அந்த நாட்களிலும் ஓட்டக்கூடாது. எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) கேளுங்கள், நோயின் பெயரை அதில் எழுத வேண்டாம் என்றும் டாக்டரிடம் கேட்கலாம். ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருஷத்துக்கு 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு, ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள்வரை தனி.

இனி கூட்டம்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., 1935-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையாக நின்றதில் தொடங்கியது. அந்த இருவரில் ஒருவர் பங்குத் தரகர், மற்றவர் டாக்டர். இன்றும் அதே முறைதான்: குடித்துப் பார்த்தவர் குடித்துப் பார்த்தவருக்கு உதவுகிறார். சேர்வதற்குப் படிவம் கிடையாது, கட்டணம் கிடையாது, பெயர்ப் பட்டியல் கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றே தகுதி. கூட்டத்தில் ஒரு கூடையோ டின்னோ சுற்றி வரும், இடத்து வாடகைக்கும் தேநீருக்கும். முடிந்தால் ஒரு வெள்ளி போடுங்கள், புதியவர் போடாவிட்டாலும் யாரும் பார்க்க மாட்டார்கள். ‘ஏ.ஏ. இல்லம், மாதம் இவ்வளவு கட்டுங்கள்’ என்று யாராவது சொன்னால் அது தனியார் மறுவாழ்வு இல்லம். ஏ.ஏ. காசு வாங்கிச் சிகிச்சை நடத்துவதில்லை.

தேடும்போது நல்ல கூட்டம் எது என்று தேடாதீர்கள். வாரா வாரம் தவறாமல் போய்ச்சேர முடிகிற கூட்டம் எது என்று தேடுங்கள். தோட்டத்து ஆட்கள் கூட்டத்தை விட்டுவிடுவதற்குப் பெரும்பாலும் கூட்டத்தின் குறை காரணமாக இருப்பதில்லை. வேலை முடிந்து குளித்து, இருட்டில் முப்பது கிலோமீட்டர் மோட்டாரில் போய், ராத்திரி பத்தரைக்குத் திரும்பி, மறுநாள் விடியுமுன் எழ வேண்டும். இரண்டாம் வாரம் மழை பெய்தால் போதும், அதோடு நின்றுவிடும். ஆகவே ஞாயிறு பகலில் நடப்பது எதுவென்று முதலில் கேளுங்கள். வேலை நாளில் போவதானால் திரும்பி வரும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அல்லது யாரோடு வரலாம் என்பதை முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள்.

போனில் ‘ஏ.ஏ. மலேசியா’ என்று தேடினால் கூட்டப் பட்டியலும் தொடர்பு எண்ணும் கிடைக்கும். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் கூட்டங்கள் உண்டு. உங்களுக்குப் பக்கம் ஈப்போ, கோலகங்சார், அடுத்துத் தைப்பிங். அங்கே கூட்டம் உண்டா என்று அந்த எண்ணில் கேளுங்கள். பட்டியலை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம், இதுதான் பலரும் ஏமாறுகிற இடம். சிறிய ஊர்க் குழுவில் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். சாவி வைத்திருப்பவர் வேலை மாறிப் போனால் கூட்டம் நின்றுவிடும், பட்டியலில் மட்டும் அப்படியே இருக்கும். துணிவைத் திரட்டிக்கொண்டு போன முதல் நாளே பூட்டிய கதவைப் பார்த்தவர் திரும்பும் வழியில் நேராகக் கடைக்குத்தான் போவார். எனவே இரண்டு நாள் முன்பே அந்த எண்ணுக்கு வாட்ஸ்அப் அனுப்புங்கள், தமிழிலோ மலாயிலோ. ‘இந்த வாரம் கூட்டம் உண்டா? எந்தக் கட்டடம், எந்த வாசல்? தமிழ் பேசுகிறவர் இருக்கிறாரா? நான் புதியவன், வாசலில் யாராவது நிற்பார்களா?’ இவ்வளவு கேட்டாலே போதும். கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். வாசலில் ஒருவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தால் கால் பின்வாங்காது.

திறந்த கூட்டம், மூடிய கூட்டம் என்று இரண்டு வகை உண்டு. திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தாரும் வரலாம். மூடியது குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். ஆள் தெரிந்துவிடும் என்று பயப்படும் உங்களுக்கு மூடிய கூட்டம்தான் தோது.

மொழிக்காகக் கவலைப்பட வேண்டாம். கூட்டத்தை இங்கிலீஷில் நடத்தினாலும், உட்கார்ந்திருப்பவர்களில் நம்மவர்கள் இருப்பது இந்த நாட்டில் வழக்கம்தான். பேசும் முறை வரும்போது மலாயில் அல்லது தமிழில் பேசலாமா என்று நடத்துபவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதெல்லாம் புரியாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஒருவர் கிடைப்பார். இருந்தாலும் மனதில் உள்ளதைத் தாய்மொழியில் கொட்டினால்தான் பாரம் குறையும். அதற்குத்தான் இணையக் கூட்டம். தமிழ்நாட்டுக் குழுக்கள் தமிழில் நடத்துகின்றன. நேரத்தில் தவறிவிடாதீர்கள்: நாம் அவர்களைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே மாலை 6 என்றால் இங்கே இரவு 8.30, அங்கே 8 என்றால் இங்கே 10.30, விடியலில் எழுகிறவருக்கு அது ஆகாது. அவர்களுடைய ஆறு மணிக் கூட்டம் உங்களுக்குப் பொன்னானது, போத்தலைத் திறக்கும் நேரத்தை அது அப்படியே எடுத்துக்கொள்ளும்.

சூம் கூட்டத்தில் நுழையும் முன் திரையில் தெரியும் பெயரைப் பாருங்கள். போன் வாங்கியபோது மகன் பதிந்து வைத்த முழுப் பெயர் அப்படியே தெரியும். அதை மாற்றிப் பெயரின் முதல் பாதியை மட்டும் போடுங்கள். வீடியோவை அணைத்து வைக்கலாம், டேட்டாவும் மிச்சமாகும். லயத்து வீட்டுப் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்கும். காதில் இயர்போன் இருந்தாலும் நீங்கள் பேசுவது அடுத்த வீட்டுக்குப் போகும். பேசும் முறை வரும்போது திடல் பக்கம் போய்விடுங்கள். ஆனால் இணையத்தோடு நின்றுவிடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. போனை அணைத்ததும் அறையில் நீங்கள் தனியாகத்தான் இருப்பீர்கள். மாதத்தில் இரண்டு முறையாவது மனிதர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

கூட்டம் ஒரு மணி நேரம் அல்லது ஒன்றரை மணி நேரம் நடக்கும். நடத்துபவர் ஒரு தாளைப் பார்த்து ஏ.ஏ. என்றால் என்ன என்று வாசிப்பார். பிறகு ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று தொடங்கித் தம் அனுபவத்தைப் பேசுவார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசவோ புத்தி சொல்லவோ மாட்டார்கள். நம் வீடுகளில் யாரையும் முழுதாகப் பேச விட்டுப் பழக்கமில்லை. அதனால் முதலில் விசித்திரமாக இருக்கும், போகப்போக அதுதான் பிடித்துப்போகும். உங்கள் முறை வந்தால் ‘இன்று கேட்க மட்டும் வந்தேன்’ என்று சொல்லிவிடலாம். குடித்துவிட்டுப் போனாலும் உட்கார விடுவார்கள், பேச வேண்டாம் என்பார்கள். ஆனால் மோட்டாரில் போகாதீர்கள்.

முடிந்ததும் ஓடிவராதீர்கள். உண்மையான வேலை தேநீர் நேரத்தில்தான் நடக்கிறது. மூன்று பேருடைய போன் எண்ணை வாங்குங்கள். அன்றிரவே மூவருக்கும் ‘நல்லபடி வீடு சேர்ந்தேன்’ என்று அனுப்பிவையுங்கள். முதல் செய்தி போய்விட்டால் ஆபத்தான நேரத்தில் அழைக்கக் கூச்சம் இருக்காது. அழைப்பது போத்தலைத் திறக்குமுன் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு மாதத்தில் ஸ்பான்சர், அதாவது கைபிடித்து வழிகாட்டும் ஆள், ஒருவரைக் கேளுங்கள். ஆண் ஆணையும் பெண் பெண்ணையும் கேட்பது வழக்கம். குறைந்தது ஒரு வருஷமாகக் குடிக்காதவராக இருக்கட்டும். அவரிடம் கடன் கேட்கக்கூடாது, கேட்ட அன்றோடு அந்த உறவு கெட்டுவிடும்.

முதல் கூட்டம் பிடிக்காமல் போகலாம். ஆறு முறையாவது போய்விட்டு முடிவு செய்யுங்கள், இரண்டு வேறு குழுக்களில் என்றால் இன்னும் நல்லது.

மதம் மாற்றம் பற்றிய பயத்துக்கு வருகிறேன். சர்ச் மண்டபத்தில் நடப்பது உண்மை, வாடகை குறைவு என்பதுதான் காரணம். ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல. அதன் பன்னிரண்டு படிகளில் கடவுள் பேச்சு வரும், ஆனால் ‘நாம் புரிந்துகொண்டபடி’ என்றுதான் வரும். உங்களுக்கு அது முருகனாக இருக்கலாம். கடவுள் பேச்சே வேண்டாம் என்கிறவர்களுக்கு 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிக்கவரி என்ற வேறு அமைப்பு உண்டு, இணையத்தில் கூட்டம் நடத்துகிறது, பெரும்பாலும் இங்கிலீஷில்.

யாருக்கும் தெரியக்கூடாது என்கிறீர்கள். இங்கே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது ஏ.ஏ.வின் அடிப்படை வழக்கம், பெரும்பாலோர் அதை உயிராகக் காக்கிறார்கள். ஆனால் அது வழக்கம்தான், யாரும் கையெழுத்துப் போட்டுத் தருவதில்லை. ஆகவே உங்கள் தோட்டத்தை ஒட்டிய இடத்தைத் தவிர்த்து அடுத்த ஊருக்குப் போங்கள். வேலையை அல்லது வழக்கைப் பாதிக்கும் விஷயங்களைக் கூட்டத்தில் சொல்லாமல் ஸ்பான்சரிடமோ டாக்டரிடமோ சொல்லுங்கள். தெரிந்த முகம் உட்கார்ந்திருந்தால் திரும்பி ஓட வேண்டாம், அவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருக்கிறார்.

நம்மவர்களை வீழ்த்துவது பெரும்பாலும் சம்பள நாள். சட்டப்படி மாதம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் வந்துவிடும். அந்த வாரத்துக் கூட்டத்தை எதற்காகவும் தவற விடாதீர்கள். பணம் பாங்கில் விழும் அன்று மாலையில் மூன்று எண்களில் ஒன்றை அழைத்துவிடுங்கள், கார்டை அன்றைக்கு நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைத்தாலும் நல்லது. கல்யாணம், கருமாதி, தீபாவளி ஆகியவற்றுக்குப் போகும்போது சொந்த மோட்டாரில் போங்கள், கிளம்ப நினைத்ததும் கிளம்ப முடியும். உங்கள் விரதப் பழக்கம் இதில் கைகொடுக்கும், ஒரு மாற்றத்தோடு. 48 நாள் என்று எண்ணியதால்தான் 49-ஆம் நாள் கடைக்குப் போனீர்கள். ஏ.ஏ.வில் இன்று ஒரு நாள் மட்டும் என்றுதான் எண்ணுவார்கள்.

பேப்பரில் விளம்பரம் வரும் ‘குடியை மறக்கச் செய்யும் பொடி’ எதையும் வாங்காதீர்கள். டைசல்பிராம் என்ற மாத்திரையைச் சில வீடுகளில் குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கிறார்கள். அதன் மேல் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகலாம். அது டாக்டர் சொல்லி, நீங்களே தெரிந்து சாப்பிட வேண்டிய மருந்து. விலை மலிவான, பெயர் தெரியாத போத்தலையும் தொடாதீர்கள். 2018-இல் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவால் பலர் இறந்தார்கள். குடித்த மறுநாள் பார்வை மங்கினால் போதை தெளியவில்லை என்று படுத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ராத்திரியில் மனம் உடைந்து உயிரே வேண்டாம் என்று தோன்றினால் மனம் விட்டுப் பேச பெஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் ஹீல் 15555.

உங்கள் மனைவியைப் பற்றி. திரும்பி வரச்சொல்லி இப்போது கெஞ்ச வேண்டாம், வாக்குறுதியும் வேண்டாம். அவர் நிறையக் கேட்டிருப்பார். கிளினிக்குப் போகும் தேதியை மட்டும் சொல்லுங்கள். குடிப்பவரின் குடும்பத்தாருக்காக 1951-இல் தொடங்கிய அல்-அனான் என்ற கூட்டம் தனியாக உண்டு, இணையத்திலும் நடக்கிறது. நீங்கள் குடியை நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் அவர் அதில் சேரலாம். அதன் விவரத்தை அவருக்கு அனுப்பிவையுங்கள், போவதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.